வேலூர் கண்ட மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார்

சென்னையின் மேற்கு வாயில்கள் இரண்டு. அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து அரக்கோணம் வழியாகக் காட்பாடி செல்லும் இருப்புப்பாதை ஒன்று. பூந்தமல்லியில் தொடங்கித் திருப்பெரும்புதூர், வாலாஜாபேட்டை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை மற்றொன்று. 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி ஆவடி வழியாகவே சென்றது. இவ்விரு வழிகளிலும் நாள்தோறும் செல்வோருள் ஒரு சாரார் கையில் மருத்துவக் குறிப்புக் கோப்பும் எக்ஸ்-ரே படங்களும் இருக்கும். ஒருவரை வேலூருக்கு அழைத்துப் போகிறார்கள் என்று வீட்டில் பேச்செழுந்தால், எதற்காக என்று எவரும் கேட்பதில்லை. ஓர் ஊரின் பெயரே ஒரு மருத்துவமனையின் பெயராகிவிட்டது. அப்பெயர் மாற்றத்துக்குக் காரணமானவர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார்.

ஸ்கடர் குடும்பத்துக்குத் தமிழ்நிலத்தோடு உள்ள உறவு, அம்மையார் பிறப்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், நியூயார்க்கில் நல்ல வருவாயுடன் மருத்துவம் பார்த்து வந்தவர். அதனைத் துறந்து 1819-இல் கப்பலேறி இலங்கை வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவமும் சமயப் பணியும் செய்தார். 1836-இல் சென்னைக்கு வந்தார். அவருடைய புதல்வர் எழுவரும் இந்தியாவிலேயே தொண்டாற்றினர். 1853-இல் அவர்களுள் மூவர் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். வட ஆர்க்காடு மாவட்டத்து ஆரணி, இராணிப்பேட்டை, வேலூர் ஆகிய ஊர்களில் ஸ்கடர் என்னும் பெயர் பழகிப்போனது இவ்வாறுதான். 1866-இல் இராணிப்பேட்டையில் அவர்களுள் ஒருவர் மருத்துவமனையையும் தொடங்கினார். அந்த இராணிப்பேட்டையில்தான் எழுவருள் ஒருவரான இரண்டாம் ஜான் ஸ்கடருக்கும் சோபியா அம்மையாருக்கும் 1870 டிசம்பர் 9-ஆம் நாள் ஐடா பிறந்தார். ஐந்து ஆண் மக்களுக்குப் பின் பிறந்த ஒரே பெண்.

அவருடைய நினைவில் முதலில் பதிந்த காட்சி பஞ்சம். 1876 முதல் 1878 வரை நிலவிய தாது ஆண்டுப் பஞ்சத்தைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல தலைமுறைக்கு மறக்கவில்லை. வாணியம்பாடியில் இருந்த ஸ்கடர் இல்லத்தின் முற்றத்தில் பசித்த சிறுவர்கள் வரிசையாக அமர்ந்திருக்க, அவர்கள் வாயில் ரொட்டித் துண்டுகளை இடும் பணி ஆறேழு வயதுச் சிறுமிக்குத் தரப்பட்டது. கையை நீட்டி வாங்கிக்கொள்ளவும் வலுவற்றிருந்தனர் சிலர். அக்காட்சியைக் கண்ட குழந்தை வளர்ந்து தொண்டு செய்யவே விரும்பியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். நடந்தது அதற்கு நேர்மாறு.

பஞ்சத்துக்குப் பின் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளில் தந்தை மீண்டும் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பின்னர்த் தாயும் புறப்பட்டார். சிகாகோவில் பெரியப்பா வீட்டில் விடப்பட்ட சிறுமி, தாய் சென்ற இரவு அவர் படுத்திருந்த தலையணையில் முகம் புதைத்து அழுதாள் என்பர். வெப்பமும் வறுமையும் பிரிவும் சேர்ந்த இந்த வாழ்வு தனக்கு வேண்டாம் என்னும் உறுதி அவர் உள்ளத்தில் அப்போது விழுந்தது. மாசசூசெட்சு மாநிலத்து நார்த்ஃபீல்டு பள்ளியில் பயின்ற நாளில் அவர் குறும்புக்கும் கலகலப்புக்கும் பெயர் பெற்றவர். குடும்பத் தொழிலுக்குத் தாம் வருவதில்லை என்று தோழியரிடம் வெளிப்படையாகவே சொல்லி வந்தார்.

1890-இல் தாய் நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. உதவிக்காகச் சிறிது காலம் வந்து திரும்பிவிடுவது என்ற எண்ணத்துடன் ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார். மேல்சித்தாமூர் செல்வோர் இறங்கும் அதே திண்டிவனம். அங்கே ஓரிரவு நிகழ்ந்தது அவருடைய வாழ்வைத் திருப்பியது.

அவ்விரவில் மூவர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். முதலில் வந்தவர் கல்வி கற்ற இளம் பிராமணர். பதினான்கு வயதளவே ஆன தம் மனைவி பேற்று வேதனையில் துடிக்கிறாள் என்றும், மருத்துவச்சிகள் கைவிட்டுவிட்டனர் என்றும் சொல்லி, ஐடாவை உடன் வருமாறு வேண்டினார். மருத்துவம் அறிந்தவர் தம் தந்தையே என்று ஐடா கூறினார். வேற்று ஆடவர் தம் மனைவியைக் காண்பதைவிட அவள் இறப்பதே மேல் என்று சொல்லி அவர் திரும்பினார். அடுத்து வந்தவர் ஓர் இசுலாமியர். மூன்றாமவர் மற்றொரு குலத்து இந்து. மூவர் வந்த காரணமும் ஒன்றே. மூவர் தந்த மறுமொழியும் ஒன்றே. பொழுது விடிந்தபோது பறையொலி கேட்டது. பணியாளை அனுப்பி விசாரித்ததில் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்று தெரிந்தது.

இந்நிகழ்ச்சி எத்தனையோ முறை எழுதப்பட்டுவிட்டது. ஆயினும், கதவைத் தட்டிய மூன்று ஆடவரைப் பற்றிய குறிப்பு இருக்கிறதே தவிர, இறந்துபோன மூன்று பெண்களின் பெயர்களை எவரும் பதிந்து வைக்கவில்லை. கணவன்மாரைக் கல் நெஞ்சர் என்று பழிப்பதும் எளிது. நள்ளிரவில் அயலார் வீட்டுக் கதவைத் தட்டும் அளவுக்கு அவர்களுக்கு மனைவியர்மீது அன்பு இருந்தது. வழக்கத்தை மீறும் துணிவுதான் இருக்கவில்லை. அக்காலத்தில் சிறு வயதில் மணமுடித்து, உடல் முதிராமுன் கருவுற்ற பெண்களுக்கு இடுப்பெலும்பு குறுகியிருக்கும். குழந்தையின் தலை இறங்காது தடைப்படும். இரண்டு நாள், மூன்று நாள் வேதனைப்பட்டுத் தாய் சோர்வாள். கழுவாத கையும் அழுக்குத் துணியும் உள்ளே செல்வதால் நச்சுக் காய்ச்சல் பற்றும். ஆயுதத்தைக் கொண்டு குழந்தையை வெளியே எடுக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் இவர்களுள் பலர் பிழைத்திருப்பர்.

பெண் மருத்துவர் என்பது சென்னைக்கு அப்போது புதிதன்று. 1875-இலேயே மேரி ஷார்லீபு உள்ளிட்ட நான்கு பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. கோஷாப் பெண்களுக்கென 1885-இல் தோன்றிய மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக நிற்கிறது. ஆனால் அந்த வசதி பட்டணத்தோடு நின்றது. திண்டிவனத்துக்கும் வந்தவாசிக்கும் ஆரணிக்கும் அது எட்டவில்லை. ஐடா தம் பெற்றோரிடம் சென்று, தாம் அமெரிக்கா போய் மருத்துவம் பயின்று திரும்பப் போவதாக அறிவித்தார்.

1895-இல் பிலடெல்பியாவில் உள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் இறுதி ஆண்டுக்கு அங்கே மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டி வருமாறு மிஷன் அவரைப் பணித்தது. புறப்படும் நாள் நெருங்கியும் தொகை சேரவில்லை. நியூயார்க்கில் செல்வப் பெண்மணி ஒருவரைக் காணச் சென்று, திண்டிவனத்து இரவைச் சொல்லி, கிராமப் பெண்களின் நிலையை விளக்கினார். அடுத்த அறையில் அமர்ந்திருந்த அப்பெண்மணியின் உறவினர், ஷெல் என்னும் முதிய வங்கியாளர், அப்பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். சிக்கனத்துக்குப் பெயர் போன அம்மனிதர் மறுநாள் ஐடாவை அழைத்து, மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் அளித்தார். அந்நாள் மதிப்பில் ஏறத்தாழ 30,000 ரூபாய். கேட்கச் சென்ற இடம் ஒன்று. கிடைத்த இடம் வேறு. பிற்காலத்தில் நிதி திரட்டுவதில் அம்மையாருக்கு இருந்த ஆற்றலுக்கு இது முதற்சான்று.

1900-ஆம் ஆண்டின் முதல் நாள் அவர் வேலூர் வந்து சேர்ந்தார். தந்தையின் அருகிலிருந்து சில ஆண்டுகள் தொழிலைப் பழகிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். சில மாதங்களிலேயே தந்தை இறந்தார். வேலூரில் மக்கள் நம்பியது முதிய மருத்துவரை. இளம் பெண்ணை நம்பி எவரும் வரவில்லை. பட்டமும் ஆயுதப் பெட்டியும் வைத்துக்கொண்டு அவர் நோயாளிக்காகக் காத்திருந்த நாள்கள் பல. வீட்டின் ஒரு சிற்றறையை மருந்தகமாக்கி, ஒரு கட்டிலைப் போட்டு வைத்தார். முதலில் வந்தவர் குணமடைந்தார். அவர் சொல்லி வேறொருவர் வந்தார். இரண்டு ஆண்டுகளில் அச்சிற்றறையில் 5,000 பேருக்கு மருத்துவம் பார்த்தார் என்பது கணக்கு.

1902-இல் 40 படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆரணி சாலையில் இன்று கண் மருத்துவமனையாக விளங்குவது அதுவே. நாற்பது கட்டிலுக்கும் மருத்துவர் ஒருவரே. அறுவை செய்தவரும், மயக்க மருந்து கொடுக்கக் கற்றுத் தந்தவரும், கணக்கு எழுதியவரும், கூரை ஒழுகினால் கொத்தனாரை அழைத்தவரும் அவரே. ஒருவர் எத்தனை ஆண்டு ஓடினாலும் இத்தனை ஊர்களைக் காக்க இயலாது என்பது அவருக்கு விரைவில் விளங்கிவிட்டது. மருந்து கலக்கத் தெரிந்த பெண்களை முதலில் பழக்கினார். 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். மதிப்புள்ள குடும்பத்துப் பெண் பிறர் உடலைத் தொட்டுக் கழுவுவதை அக்காலத்தார் ஏற்கவில்லை. கைம்பெண்களும் ஆதரவற்றோருமே முதலில் வந்தனர். அந்தப் பள்ளி 1946-இல் செவிலியர் பட்டப் படிப்பைத் தொடங்கியபோது, அத்தகைய படிப்பு இந்தியாவில் அதே ஆண்டில் தில்லியில் தொடங்கிய மற்றொன்றைத் தவிர வேறெங்கும் இல்லை.

அம்மையாரின் பணிகளுள் சிறந்தது எது என்று கேட்டால் பெரிய கட்டடங்களைக் காட்டுவோர் உண்டு. குடியாத்தம் சாலையைக் காட்டுவதே பொருந்தும். 1906 முதல் அவர் வாரந்தோறும் குடியாத்தம் சென்று அங்கே நோயாளிகளைக் கண்டு வந்தார். இருபது கல்லுக்கு மேற்பட்ட தொலைவு. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களே நோயாளிகளுள் பெரும்பாலோர் என்பது அப்பயணங்களில் அவர் கண்ட உண்மை. வண்டிச் சத்தம் கொடுக்க இயலாதவர், கூலி வேலையை ஒரு நாளும் விட இயலாதவர், கைக்குழந்தையை விட்டுவர இயலாதவர், தொழுநோய் காரணமாக வண்டியில் ஏற்றப்படாதவர். 1909-இல் ஒற்றைச் சிலிண்டர் பியூஜோ மோட்டார் வண்டி ஒன்று அவருக்குக் கிடைத்தது. மாடும் குதிரையும் இன்றிப் புகையும் ஒலியுமாக வந்த அவ்வண்டியைக் கண்டு, பேய் வருகிறது என்று வயலில் இருந்தவர்கள் ஓடி ஒளிந்தனர். சில வாரங்களில் அதே மக்கள் சாலையோரம் அமர்ந்து அவ்வண்டிக்காகக் காத்திருக்கலாயினர்.

அதிலிருந்து சாலையோர மருந்தகம் என்னும் முறை உருவாயிற்று. நிழல் தரும் மரம் ஒன்றே கட்டடம். வண்டியின் படியிலும் பெட்டிகளின் மேலும் மருந்துப் புட்டிகள் அடுக்கப்படும். ஒருவர் சீட்டு எழுதுவார், ஒருவர் புண்ணைக் கழுவிக் கட்டுவார், ஒருவர் கண்ணுக்கு மருந்து விடுவார். சிரங்கு, கட்டி, குடற்புழு, முறைக் காய்ச்சல், கண்வலி ஆகியவையே பெரும்பாலான நோய்கள். இவற்றுள் பலவற்றுக்கு வேண்டியது தூய நீரும் தூய துணியும் ஓரளவு மருந்துமே. கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றுவது, பல் பிடுங்குவது போன்ற சிறு அறுவைகள் அங்கேயே முடிந்துவிடும். பெரிய நோயுடையவரை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வேலூர் திரும்புவர். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மரத்தடியில், மழையானாலும் வெயிலானாலும் வண்டி வந்து நிற்கும் என்னும் உறுதியே அம்முறையின் உயிர். ஒரு வாரம் வராது போனால் மறு வாரம் பாதிப்பேர் வரமாட்டார்கள். அடிக்கடி முகாம் நடத்திப் படமெடுத்துக்கொண்டு மறைந்துபோகும் அமைப்புகள் மலிந்த இந்நாளில் இது கருதத்தக்கது.

தொழுநோயாளிகளுக்கு மரத்தடியில் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டது. இந்தியாவிலேயே அந்நோய் மிகுதியாக இருந்த மாவட்டங்களுள் வட ஆர்க்காடு ஒன்று. நம்பத்தக்க மருந்து இல்லாத அக்காலத்தில், நம் நாட்டு மருத்துவரும் நெடுங்காலம் கையாண்டு வந்த நீரடிமுத்து வகை எண்ணெயை ஊசி மூலம் செலுத்துவதே மேற்கொள்ளப்பட்டது. வாரந்தோறும் வலியைத் தாங்கி ஊசி போட்டுக்கொள்ள நெடுந்தொலைவு நடந்து வந்தனர். மருந்தைவிட, தொடுவதற்கு அஞ்சாத ஒருவர் தம் கையைப் பிடித்துப் பார்ப்பதற்காகவே சிலர் வந்திருக்கக் கூடும்.

அம்மையார் சமயப் பணிக்காகவும் வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மருந்து தரும் இடத்தில் கிறித்தவக் கதைகளும் சொல்லப்பட்டன, பாடல்களும் பாடப்பட்டன. கேட்டவர்களுள் பெரும்பாலோர் கேட்டுவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு தத்தம் வழிபாட்டுக்குத் திரும்பினர். மருந்து எவருக்கும் மறுக்கப்படவில்லை. எல்லாச் சமயத்தாரும், எல்லாக் குலத்தாரும் ஒரே வரிசையில் அமர நேர்ந்ததே அவ்வூர்களுக்குப் புதுமை.

கிராமங்களுக்குப் பெண் மருத்துவர்கள் வேண்டும்; அவர்கள் இந்நாட்டுப் பெண்களாக இருக்க வேண்டும். இக்கருத்து அவர் உள்ளத்தில் முதிர்ந்து, பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஒன்றுக்கு அரசின் இசைவை வேண்டினார். மாகாணத் தலைமை மருத்துவ அதிகாரிக்கு நம்பிக்கை இல்லை. ஆறு பெண்கள் விண்ணப்பித்தாலே வியப்பு என்று கருதினார். விண்ணப்பித்தோர் 151 பேர். 1918 ஆகஸ்டு 12-ஆம் நாள் ஆளுநர் பென்ட்லண்டு பிரபு அப்பள்ளியைத் தொடங்கி வைத்தார். வாடகைக் கட்டடம், குறைந்த கருவிகள், பாடம் நடத்த ஏறத்தாழ அம்மையார் ஒருவரே. பகலில் அறுவை, இடையில் வகுப்பு, இரவில் மறுநாள் பாடத்துக்கான படிப்பு. ஐம்பதை நெருங்கும் வயதில், தாம் இருபது ஆண்டுகளுக்கு முன் படித்த உடற்கூற்றியலை மீண்டும் எழுத்தெழுத்தாகப் படித்தார்.

முதல் ஆண்டுத் தேர்வு வந்தது. மாகாணத்தில் ஆடவர் பள்ளிகளிலேயே ஐவருக்கு ஒருவர்தான் தேறுகின்றனர் என்றும், பெண்கள் ஒருவர் தேறினாலும் மகிழ்ச்சி கொள்ள வேண்டும் என்றும் அதே அதிகாரி எச்சரித்திருந்தார். தேர்வு எழுதிய 14 பெண்களும் தேறினர். இந்த 14 பேரின் வெற்றியில் அம்மையாரின் உழைப்புக்கு உள்ள பங்கு பெரிதே. ஆயினும் வீட்டாரின் எதிர்ப்பையும் ஊராரின் ஏளனத்தையும் தாண்டி வந்து, பிணத்தை அறுத்துப் படிக்கத் துணிந்த அத்தமிழ் நாட்டுப் பெண்களும் அவர்தம் தோழியரும் இன்னும் உரிய அளவில் பாராட்டப்படவில்லை. 1922-இல் அவர்கள் எல்.எம்.பி. பட்டயம் பெற்று வெளியேறினர். மாணவியர் அம்மையாரை ஐடா அத்தை என்றே அழைத்தனர்.

அதற்குள் அமெரிக்கப் பெண்கள் வேலூருக்காகவும் ஆசியாவின் வேறு ஆறு மகளிர் கல்லூரிகளுக்காகவும் நிதி திரட்டத் தொடங்கியிருந்தனர். முன்னின்றவர் லூசி பீபாடி என்னும் பெண்மணி. அவர்கள் 20 இலட்சம் டாலர் சேர்த்தால் ராக்பெல்லர் குடும்பத்து அறக்கட்டளை 10 இலட்சம் தருவதாக ஏற்பாடு. வீட்டுச் செலவில் மீதம் பிடித்த பெண்களின் சிறு தொகைகளும் அதில் சேர்ந்தன. அத்தொகையின் பயனாகத் தோட்டப்பாளையத்துப் பெரிய மருத்துவமனை 1924-இல் திறக்கப்பட்டது. கல்லூரிக்கென ஊருக்கு வெளியே பாகாயத்தில் நிலம் வாங்கிக் கட்டடங்கள் எழுந்தன.

எல்லாம் அமைந்துவிட்டது என்று எண்ணியிருந்த வேளையில் பேரிடி விழுந்தது. 1938-இல் சென்னை அரசு, பட்டயப் படிப்பை நிறுத்திவிட்டு இனி எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்பு மட்டுமே இருக்கும் என்று முடிவு செய்தது. மருத்துவக் கல்வியின் தரத்துக்கு அம்முடிவு நல்லதே. ஆனால் வேலூருக்கு அதனால் மூடுவிழா நெருங்கியது. பல்கலைக்கழக இணைப்புப் பெற வேண்டுமானால் மேலும் படுக்கைகள், மேலும் ஆய்வகங்கள், உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். பல இலட்சம் ரூபாய் வேண்டும். அம்மையாருக்கு வயது 67. ஓய்வு பெற்று மலையில் அமைதியாக இருந்திருக்கலாம். அவர் 1941-இல் மீண்டும் அமெரிக்கா சென்று, உலகப் போர் நடந்த அந்த ஆண்டுகளில் ஊர் ஊராகச் சென்று பேசி நிதி திரட்டினார்.

பணத்தைவிடக் கடினமான சிக்கல் ஒன்று அங்கே அவரை எதிர்கொண்டது. இந்தியாவில் இருந்த பல்வேறு மிஷன்கள், ஆடவருக்கும் இடந்தருவதானால் வேலூரைத் தாங்க முன்வந்தன. அமெரிக்காவிலோ பெண்கள் பிளவுபட்டனர். பெண்களுக்காகப் பெண்கள் தந்த பணத்தில் எழுந்த கல்லூரியை ஆடவருக்குத் திறந்துவிடுவது நம்பிக்கைத் துரோகம் என்று கருதினார் லூசி பீபாடி. அவர் கருத்தை எளிதில் தள்ள முடியாது. கொடுத்தவர்களின் நோக்கத்தை மாற்ற நமக்கு உரிமை உண்டா என்பது எந்த அறக்கட்டளையும் ஒரு நாள் எதிர்கொள்ளும் வினா. அம்மையாரின் முதல் கனவும் பெண்களுக்கான கல்லூரியே. ஆயினும், பெயரைக் காத்து நிறுவனத்தை இழப்பதா, நிறுவனத்தைக் காத்து அமைப்பை மாற்றுவதா என்று எடைபோட்டு, இரண்டாவதைத் தேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் உடன் உழைத்த தோழியின் நட்பு அதனால் முறிந்தது. அம்மையார் செய்தது சரி என்றே பிற்கால வரலாறு காட்டுகிறது. முறிந்த நட்பின் வலியும் உண்மையே.

1942-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இணைப்பு வழங்கியது. 1947-இல் ஆடவர் 10 பேர் முதன்முதலாகச் சேர்ந்தனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே அம்மையார் பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். நாடு விடுதலை பெற்ற காலத்தில் தலைமை இந்தியரான டாக்டர் ஹில்டா லாசரசிடம் வந்தது. தாம் ஊன்றியதை இந்நாட்டவர் கையில் ஒப்படைத்துவிட்டு விலகி நின்றதும் ஒரு தொண்டே. பதவியைப் பிடித்துக்கொண்டு நிறுவனத்தை மூச்சுத் திணற வைத்த நிறுவனர்கள் பலரைக் கண்டிருக்கிறோம்.

ஓய்வுக்காலத்தில் கோடைக்கானலில் தம் இல்லத்தில் வாழ்ந்தார். முதுமையிலும் டென்னிஸ் ஆடுவதில் அவருக்குத் தளராத விருப்பம். வேலூர் வருவதையும் விடவில்லை. மரத்தடியில் எண்ணெய் ஊசி பெற்றவர்களின் முடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தும் முறையை டாக்டர் பால் பிராண்டு 1948-இல் அங்கே தொடங்கினார். உணர்விழந்த கைக்கு மீண்டும் கலப்பையையும் கரண்டியையும் பிடிக்கும் ஆற்றல் வந்தது. கண்புரை அகற்றும் முகாம்கள் கிராமங்களுக்கே சென்றன. இவற்றையெல்லாம் தம் கண்ணால் கண்டபின், 1960 மே மாதத்தில் கோடைக்கானலில் தம் 89-ஆம் வயதில் அம்மையார் இயற்கை எய்தினார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவருடைய மறைவுக்குப் பின் வேலூர் மருத்துவமனை இதய அறுவை, சிறுநீரக மாற்று எனப் புகழ் பெற்றது. தொலைவிலுள்ள வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். அப்புகழின் நடுவே கிராமம் மறக்கப்பட்டுவிடும் அச்சம் இருந்தது. அதனை நிறுவனத்தார் உணர்ந்தனர் என்றே தோன்றுகிறது. அம்மையாரின் மோட்டார் வண்டி சென்ற குடியாத்தம் பகுதியில், கீழ்வைத்தினான்குப்பம் ஒன்றியத்தில், 1977-இல் ருஹ்சா என்னும் ஊரக நல மற்றும் சமூகப் பணி மையம் தொடங்கப்பட்டது. நோய்க்கு மருந்து தருவதோடு தொழிற்பயிற்சி, உழவர்க்கு உதவி, மகளிர் குழுக்கள் என்று நோயின் வேரான வறுமையையும் அது கருதியது. கணியம்பாடி ஒன்றியத்தில் சமூக நலத் துறையினர் ஊர்தோறும் அவ்வூர்ப் பெண் ஒருவரையே நலப் பணியாளராகப் பழக்கினர். எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போடவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் தரும் செய்தியை வைத்துச் செவிலியர் வருவார். முறை வைத்து மருத்துவரின் வண்டியும் ஊருக்கு வரும். கருவுற்ற பெண்களைத் தேடிப்பிடித்துச் சோதித்து, இரத்தச் சோகையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களை முன்னதாகவே பிரித்தறிந்து, பேறு நெருங்கும்முன் மருத்துவமனையில் சேர்ப்பது அப்பணியின் முதற்கடமை. அம்முறையைக் கற்றுக்கொள்ள வேலூரில் பயிலும் மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டிலேயே கிராமத்தில் தங்கி வீடு வீடாகச் செல்கின்றனர்.